சமையல் மேடை, அலமாரி, சன்னல்: இடைவெளியை யார் அளப்பது?

எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குத் தோள்வலி, இடுப்புவலி, மணிக்கட்டு வலி என்று வரும் பெண்களிடம் வலி எங்கே, எத்தனை நாளாக என்று கேட்ட பிறகு நாங்கள் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "உங்கள் வீட்டுச் சமையல் மேடை உங்கள் உடலில் எதுவரை வருகிறது?" பெரும்பாலோர் சிரித்துவிடுகின்றனர். மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர் கொத்தனாரைப் போல ஏன் பேசுகிறார் என்று உடன் வந்தவரும் வியப்புடன் பார்க்கிறார். ஆயினும் அந்த ஒரு கேள்விக்கான விடை, எக்ஸ்ரே படம் காட்டாத பலவற்றை எங்களுக்குக் காட்டிவிடுகிறது.

காதர்பேட்டைப் பகுதியில் கீழே கடை, மேலே வீடு என்று வாழும் ஒரு குடும்பத்தின் தாயார் சில காலத்துக்கு முன் எங்களிடம் வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர்; நீரிழிவும் உண்டு. வலது முன்கையில் ஏற்பட்ட தீக்காயம் ஆறிவிட்டது. ஆனால் காயம் ஆறும்வரை கையை அசைக்காமல் மார்போடு அணைத்தே வைத்திருந்ததால் தோள்மூட்டு இறுகிவிட்டது. தலைவாரக் கை உயரவில்லை. காயம் எவ்வாறு ஏற்பட்டது என்று கேட்டோம். "கடுகு தாளிச்சேனுங்க டாக்டர், புகை வந்துதுங்க. ஜன்னலைத் திறக்கலாம்னு கையை நீட்டினேன். நைட்டிக் கை அடுப்புல பட்டுருச்சுங்க" என்றார்.

அவருடைய மகளிடம் சமையலறையை அளந்துவரச் சொன்னோம். திருப்பூரில் அளவு நாடா இல்லாத வீடு அரிது. மறுவாரமே கணக்கு வந்துவிட்டது. மேடையின் உயரம் 36 அங்குலம். ஆழம் 24 அங்குலம். அடுப்புக்கு நேர் பின்னே சன்னல். சுவர் 9 அங்குலக் கனம். சன்னல் சட்டம் சுவரின் வெளி விளிம்பை ஒட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. ஆக, மேடையின் முன்விளிம்பில் நிற்பவருக்குச் சன்னலின் தாழ்ப்பாள் 33 அங்குலத் தொலைவில் இருந்தது. அம்மையாரின் உயரம் 150 செ.மீ.; அந்த உயரமுள்ள பெண் நிமிர்ந்து நின்று கையை முன்னே நீட்டினால் பிடிக்கக் கூடிய தொலைவு ஏறத்தாழ 26 அங்குலம். மீதி 7 அங்குலத்தை அவர் எரியும் அடுப்பின் மேல் உடலைச் சாய்த்தே ஈடுசெய்து வந்தார். எத்தனை ஆண்டுகளாக என்றால், அந்த வீடு கட்டிய நாள் முதலாக.

இந்த 7 அங்குலத்துக்கு யாரைப் பொறுப்பாக்குவது? சன்னலை வைத்த கொத்தனார் வழக்கமான அளவில்தான் வைத்தார். மேடைக்குக் கல் பதித்தவர் மூன்றடி என்ற முழு எண்ணில் பதித்தார். பின்னர் வந்த தச்சர், எஞ்சிய சுவரில் அலமாரிகளை அடித்தார். மூவர் வேலையும் தனித்தனியே குறையற்றது. ஆனால் மூன்றுக்கும் இடையிலுள்ள இடைவெளி எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. பனியன் தொழிலில் இதை யாரும் ஏற்கமாட்டார்கள். கழுத்துக்கு ஓர் அளவு, கைக்கு வேறோர் ஆளின் அளவு, உடலுக்கு மூன்றாமவர் அளவு என்று வெட்டித் தைத்த ஆடையைச் செக்கிங் மேசையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். பல ஆண்டுகள் உடுத்தியிருக்க வேண்டிய சமையலறையை மட்டும் அவ்வாறே தைத்து வாங்கிக்கொள்கிறோம்.

முழங்கையே அளவுகோல்

மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. சமைப்பவர் செருப்பின்றி நிமிர்ந்து நின்று, கையை மடக்கி முன்கையைத் தரைக்கு இணையாக வைத்துக்கொள்ளட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிலிருந்து 10 முதல் 15 செ.மீ. குறைத்தால் காய் நறுக்குவதற்கேற்ற மேடை உயரம் கிடைக்கும். நின்ற நிலையில் முழங்கையின் உயரம் பொதுவாக ஒருவரின் மொத்த உயரத்தில் நூற்றுக்கு 63 பங்கு. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில் இருக்கிறது. ஆகவே நம் வீடுகளில் பலருக்கு 80 முதல் 85 செ.மீ., அதாவது ஏறத்தாழ 32 முதல் 33 அங்குலம் பொருத்தமானது. மாடுலர் கிச்சன் விளம்பரங்களில் காணும் 36 அங்குலம் மேலைநாட்டு வழக்கம். அது 160 செ.மீ.க்கு மேல் உயரமுள்ளவருக்கே இசையும்.

மேடை உயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? நறுக்கும்போதும் கிளறும்போதும் தோள்பட்டை காதை நோக்கி உயர்ந்தே நிற்கும். கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசை ஓய்வின்றி இறுகியிருக்கும். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குச் சென்று, ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்கு வெளியேறும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தசை பகலெல்லாம் ஓவர்லாக் மெஷினில் ஏற்கெனவே உழைத்துக் களைத்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மேடை தாழ்ந்துவிட்டாலோ முதுகு வளைகிறது. ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960களில் முதுகெலும்பு வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிமிர்ந்து நிற்பதைக் காட்டிலும் முன்னே குனிந்து நிற்கையில் வட்டின் மேல் அழுத்தம் மிகுதி என்பதும், குனிந்தபடி சுமை தூக்கினால் அது மேலும் கூடுகிறது என்பதும் அந்த அளவீடுகளில் தெரியவந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாம் அளப்பது மேடையை. கை வேலை செய்வதோ மேடையின் மேலுள்ள பாத்திரத்தின் விளிம்பில். 33 அங்குல மேடையின் மேல் 4 அங்குல அடுப்பு, அதன் மேல் 8 அங்குலச் சாம்பார்ப் பாத்திரம் என்றால் கரண்டி பிடித்த கை 45 அங்குல உயரத்தில் இயங்குகிறது. 150 செ.மீ. உயரமுள்ளவரின் முழங்கை 37 அங்குலத்தில்தான் இருக்கிறது. கிரைண்டரும் இப்படித்தான். 2011 முதல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கியபோது அவை பல லட்சம் வீடுகளின் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு தந்தன. அது பெரிய நன்மை. ஆனால் மேடை நீளவில்லை. கிரைண்டர் மேடைமேல் ஏறியது. அதன் கல்லைக் கழுவுவதற்காக மார்புயரத்தில் தூக்கி இறக்க வேண்டியதாயிற்று. தோள்வலி உள்ளவர்கள் கிரைண்டரை மேடையிலிருந்து இறக்கி, 20 முதல் 24 அங்குல உயரமுள்ள உறுதியான தனிப் பலகையில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுப்பு வைக்குமிடத்தில் மட்டும் மேடையை 4 அங்குலம் இறக்கிக் கட்டுவதும், கழுவும் தொட்டி உள்ள பகுதியை 2 அங்குலம் உயர்த்துவதும் முறையான தீர்வுகளே. தொட்டியின் அடிப்பாகம் மேடையைவிட 7, 8 அங்குலம் கீழே இருப்பதால் பாத்திரம் துலக்கும்போது குனிய நேர்கிறது. எனினும் எல்லோருக்கும் இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கைவிரல் மூட்டுகளில் வாதம் உள்ளவர், பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவர், இதயம் பலவீனமானவர் ஆகியோருக்குப் படியில்லாத ஒரே மட்டமான மேடையே சிறந்தது. கொதிக்கும் குக்கரைத் தூக்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே நகர்த்திவிடலாம் என்பதே காரணம்.

இதயத்துக்காக அமைத்த ஒரு சமையலறை

தூக்காமல் நகர்த்து என்னும் இந்தக் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது திருப்பூருக்கு அயலானதும் அன்று. இன்று பனியன் கம்பெனிகளில் ஒரு டி-சர்ட்டின் தோள் இணைக்க எத்தனை நொடி, துண்டை எந்தப் பக்கம் வைத்தால் கை குறைவாக நீளும் என்றெல்லாம் கணக்கிடுகிறார்கள். இதற்கு அடித்தளம் இட்டவர்களுள் அமெரிக்காவின் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் முக்கியமானவர்கள். தொழிலாளியின் அசைவுகளைத் திரைப்படமாக எடுத்து, வீண் அசைவுகளை நீக்குவது அவர்கள் முறை. 1924இல் கணவர் மறைந்த பின், பெரிய குடும்பத்தின் தாயான லில்லியன் அதே ஆய்வைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். 1929இல் நியூயார்க்கில் அவர் வடிவமைத்த மாதிரிச் சமையலறை காட்சிக்கு வைக்கப்பட்டது. (அவர் தாம் நன்கு சமைப்பவர் அல்லர் என்பதும் பதிவான செய்தி, ஆய்வுக்கு அது தடையாக இருக்கவில்லை.)

எங்கள் துறைக்கு அதைவிட முக்கியமானது 1940களின் இறுதியில் நடந்தது. இதய நோயுள்ள இல்லத்தரசிகளுக்காக, அமெரிக்க இதய நலச் சங்கத்துடன் இணைந்து 'இதயச் சமையலறை' ஒன்றை உருவாக்க லில்லியன் உதவினார். நோயாளியைச் சமைக்காதே என்று உட்கார வைப்பதற்குப் பதிலாக, அவர் மூச்சு வாங்காமல் சமைக்கக் கூடியவாறு அறையை மாற்றுவது அதன் நோக்கம். உட்கார்ந்து வேலை செய்ய ஏற்ற உயரம், கையெட்டும் தொலைவில் பொருள்கள், தூக்காமல் நகர்த்தும் வழி: இன்று வரை மறுவாழ்வு மருத்துவம் சமையலறை பற்றிச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இவற்றின் விரிவே.

அதற்கும் முன்னே, 1926இல், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் ஊர்ச் சிறிய வீட்டுச் சமையலறையை ஒத்த அளவு. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒன்று கண்ணில் படுகிறது. சன்னலுக்கு அடியில் இருப்பது வேலை மேசை, அதன் முன் ஓர் இருக்கை. அடுப்பு பக்கச் சுவரில் இருக்கிறது.

சன்னலுக்கு அடியில் எது இருக்க வேண்டும்?

நம் பகுதியில் அக்கினி மூலையில் அடுப்பு, கிழக்கு நோக்கிச் சமையல் என்பது பரவலான நம்பிக்கை. கிழக்குச் சுவரில் சன்னலும் வைப்பார்கள். இரண்டும் சேர்ந்து அடுப்பு நேராகச் சன்னலுக்கு அடியில் வந்துவிடுகிறது. நம்பிக்கையைக் கைவிடுங்கள் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. அதே சுவரில், அதே திசை நோக்கி, சன்னலின் விளிம்பிலிருந்து குறைந்தது 12 அங்குலம், இடமிருந்தால் 18 அங்குலம் பக்கவாட்டில் அடுப்பைத் தள்ளிவைத்தால் போதும்.

அடுப்பு சன்னலுக்கு அடியில் இருப்பதில் மூன்று தீமைகள் உள்ளன. முதலாவது, மேலே சொன்ன அம்மையாருக்கு நேர்ந்தது. இரண்டாவது திரைச்சீலை, காற்றில் பறந்து சுடரில் விழும் செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்று வீசினால் சுடர் அலைகிறது, சில வேளை அணைந்தே போகிறது. அணைந்த அடுப்பிலிருந்து எரிவாயு வந்துகொண்டே இருக்கும். இதற்கு அஞ்சி, சமைக்கும் நேரத்தில் சன்னலை மூடிவைப்பது வழக்கமாகிவிடுகிறது. ஆகப் புகை வெளியேற வேண்டிய அந்த நேரத்தில்தான் சன்னல் மூடிக் கிடக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளையும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள முதியவரும் அடுத்த அறையில் இருமுவது மிளகாய் வற்றல் நெடியால் மட்டுமன்று. எரிவாயுச் சுடரே நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவை உண்டாக்குகிறது. சன்னலுக்கு அடியில் கழுவும் தொட்டியையோ காய் நறுக்கும் இடத்தையோ வைத்துவிட்டால் சன்னல் எந்நேரமும் திறந்திருக்கும். அடுப்புப் பக்கம் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறி வைக்கலாம்.

காதர்பேட்டைச் சந்துகளில் சன்னலைத் திறந்தால் மூன்றடித் தொலைவில் பக்கத்து வீட்டுச் சுவர், கீழே கடையின் தகரக் கூரை என்ற நிலையும் இருக்கிறது. அங்கே சன்னல் மட்டும் போதாது. மின்விசிறி கட்டாயம்; அது புகையை இழுக்க, அறைக்குள் வேறு வழியாகக் காற்று வரவும் வேண்டும். ஆகவே சமையலறைக் கதவை முழுதும் சாத்திக்கொண்டு மின்விசிறியைப் போடுவதில் பயன் குறைவு. பஞ்சுத் துகள் படியும் கொசுவலையை வாரம் ஒரு முறை துடைக்காவிட்டால் சன்னல் திறந்திருந்தும் மூடியதற்கு ஒப்பாகிவிடும். நகர்த்தும் வகைச் சன்னல்களில் பாதிப் பரப்பே திறக்கும் என்பதையும் வாங்கும்போது கணக்கில் கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்டுவோர் சன்னலின் கீழ் விளிம்பை மேடையிலிருந்து 6 முதல் 9 அங்குலம் உயர்த்தி வைப்பது நல்லது. 33 அங்குல மேடை என்றால் தரையிலிருந்து 39 முதல் 42 அங்குலம். அதற்குக் கீழே வைத்தால் தண்ணீர் தெறித்துச் சட்டம் கெடும். மேடையில் நிற்கும் குழாயும் பாட்டிலும் உள்ளே திறக்கும் கதவைத் தடுக்கும். மிக உயர்த்தினால் மேடையின் மேல் வெளிச்சம் விழாது. சட்டத்தைச் சுவரின் உள்விளிம்பை ஒட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். கேட்க அற்பமாகத் தோன்றும் இந்த ஒரு மாற்றத்தில் 5, 6 அங்குலக் கையெட்டு மிச்சமாகிறது. தாழ்ப்பாள் சன்னலின் கீழ்ப் பகுதியில் இருக்கட்டும். உச்சியில் இருக்கும் கொண்டியை எட்டத்தான் பலர் மேடைமேலேயே ஏறுகின்றனர்.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. அறுபது வயதானவரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதானவரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பேத்திக்குத் தெளிவாகத் தெரியும் கத்தி முனை பாட்டிக்குத் தெரியாமல் போவதற்கு இதுவும் காரணம். கண்புரை இருந்தால் கேட்கவே வேண்டாம். சன்னலை ஒட்டி அலமாரியை அடித்து அந்த வெளிச்சத்தையும் மறைத்துவிடக் கூடாது. சன்னல் சட்டத்துக்கும் அலமாரியின் பக்கப் பலகைக்கும் இடையில் 4 முதல் 6 அங்குலம் விட வேண்டும். உள்ளே திறக்கும் சன்னல் கதவு இடிக்காமல் மடங்க இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம்; கதவைத் திறந்து பார்த்த பிறகே தச்சர் குறியிட வேண்டும். அலமாரிக் கதவின் கீல் சன்னலுக்கு எதிர்ப்புறம் இருந்தால், திறந்த கதவு சன்னலை மறைத்து முகத்துக்கு நேரே நிற்காது.

மேல் அலமாரி

மேடைக்கும் மேல் அலமாரியின் அடிப்பலகைக்கும் இடையே 18 முதல் 24 அங்குலம் விடுவது வழக்கம். 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு 20 அங்குலம் நன்கு பொருந்தும் என்பது எங்கள் கருத்து. மேடை 24 அங்குல ஆழம் என்றால் மேல் அலமாரி 12, 13 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், குனிந்து நறுக்கும்போது நெற்றி இடிக்கும். அடுப்புக்கு நேர் மேலே மர அலமாரி வேண்டவே வேண்டாம். புகைபோக்கி வைப்பதானால் அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரத்தில், அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவுப்படி வையுங்கள். அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரில் கடப்பைக் கல் தட்டு அடித்து அதில் உப்பு, மஞ்சள்தூள், எண்ணெய் வைப்பது நம் வீடுகளில் மிகுதி. சன்னலைப் போலவே இதுவும் சுடரின் மேல் கையை நீட்டச் செய்கிறது. அஞ்சறைப் பெட்டியின் இடம் அடுப்பின் பக்கத்தில்தான்.

முன்னே மேடை தடுக்க நிற்கும்போது இந்த உயரமுள்ள பெண்ணின் கை தரையிலிருந்து ஏறத்தாழ 165 செ.மீ. உயரம் வரைதான் வசதியாக எட்டும். அதாவது மேல் அலமாரியின் முதல் இரண்டு தட்டுகள். மூன்றாம் தட்டும் அதற்கு மேலுள்ள அட்டாலியும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எடுக்கும் பாத்திரங்களுக்கானவை. அன்றாடப் பொருள் அங்கே இருந்தால் ஸ்டூல் வரும். இடுப்பெலும்பு முறிந்தும் மணிக்கட்டு முறிந்தும் வரும் மூதாட்டியரிடம் விசாரித்தால், "அட்டாலியில இருந்து தூக்குப்போசி எடுக்கப் போனேன்" என்ற விடை எங்களுக்குப் பழகிப்போனது. உட்காதுக் கோளாற்றால் தலைசுற்றல் வருவோருக்கு அண்ணாந்து பார்ப்பதே சுற்றலைத் தூண்டும். அவர்கள் ஸ்டூலில் ஏறுவதை வீட்டார் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது.

நடக்க வழி

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்குக் குறைந்த பரப்பு 5 சதுர மீட்டர், குறைந்த அகலம் 1.8 மீட்டர் என்கிறது. 1.8 மீட்டர் என்பது ஏறத்தாழ ஆறடி. ஒரு பக்கம் இரண்டடி மேடை போக நான்கடி வழி எஞ்சும். ஒருவர் சமைக்க, இன்னொருவர் பின்னால் கடந்துசெல்ல அது போதும். இதே ஆறடி அறையில் இரு பக்கமும் இரண்டடி ஆழ அலமாரி அடித்துத் தர ஆட்கள் முன்வருவார்கள். கேட்பதற்கு இடம் பெருகியதாகத் தோன்றும். நடுவில் எஞ்சுவதோ இரண்டடி. கீழ் அலமாரியின் கதவைத் திறந்தால் நிற்க இடமில்லை. வாக்கர் ஊன்றி நடப்பவருக்கு மூன்றடியாவது வேண்டும். சக்கர நாற்காலியைத் திருப்ப ஐந்தடி விட்டம் வேண்டும். வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கிறார் என்றால், எதிர்ப்பக்கச் சுவரில் ஓரடி ஆழத்துக்கு மேல் எதையும் அடிக்க வேண்டாம்.

முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் கீழ் அலமாரியின் அடித்தட்டை மறந்துவிட வேண்டும். அரிசி டிரம், எண்ணெய்த் தகரம், குக்கர் ஆகியவை தொடைக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வரட்டும். பக்கவாதத்துக்குப் பின் மீண்டும் சமைக்க விரும்புவோருக்கு அடுப்பின் எந்தப் பக்கம் பாத்திரம் இறக்கும் இடம் இருக்கிறது என்பதே முதற்கேள்வி. வலது கை வலுவிழந்தவருக்கு அது இடப்புறம் இருக்க வேண்டும். 15 முதல் 18 அங்குல அகலம் போதும்.

எரிவாயு உருளையை மேடைக்குக் கீழ் அலமாரிக்குள் அடைத்து மூடுவோர், அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதை நினைவிற்கொள்க. கசிந்தால் தரையோடு தேங்கும். கதவின் அடியில், தரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் இல்லாமல் அலமாரி அடிக்கக் கூடாது. உருளை எப்போதும் நிமிர்ந்தும், அடுப்பின் மட்டத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். கசிவு வாடை வந்தால் மின்விளக்கைப் போடாமலும் அணைக்காமலும் சன்னலையும் கதவையும் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுவதே முதலுதவி. பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்போருக்கு

லைன் வீட்டில் ஓர் அறையின் மூலையே சமையலறையாக இருப்போர் இவற்றைப் படித்துவிட்டு, நமக்கு இதெல்லாம் எங்கே என்று எண்ணக்கூடும். சுவரையும் மேடையையும் மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் நோயாளிகளுள் பலருக்குப் பயன் தந்தவை சுவரை உடைக்காத மாற்றங்களே. மேடை உயரமாக இருந்தால் அதன் முழு நீளத்துக்கும் 2, 3 அங்குல உயரப் பலகை ஒன்றைத் தரையில் இடலாம். ஒருவர் மட்டும் நிற்கக் கூடிய சிறு மணை கால் இடறச் செய்யும், அது கூடாது. மேடை தாழ்வாக இருந்தால் 3 அங்குல உயர மரப்பலகையைப் போட்டு அதன் மேல் நறுக்கலாம். சப்பாத்தி மாவு பிசைய அழுத்தம் தேவை என்பதால் அதற்கு 30 அங்குல உயரச் சாதாரண மேசையே மேடையைவிட ஏற்றது. நீண்டநேர வேலையை உயரமான இருக்கையில் அமர்ந்து செய்யலாம். சமைக்கும்போது நைட்டியின் தொளதொளத்த கையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்வதும், பருத்தி உடுத்துவதும் பனியன் ஊரில் யாருக்கும் சிரமமல்ல.

முதலிற் கூறிய அம்மையாரின் வீட்டில் எதையும் இடிக்கவில்லை. அதே கிழக்குச் சுவரில் அடுப்பை இரண்டரை அடி வடக்கே நகர்த்தினார்கள். அடுப்புக்கான ரப்பர் குழாய் 1.5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பதால் உருளையையும் உடன் நகர்த்த வேண்டியிருந்தது. மேடை முழுவதற்கும் கீழே பலகை போட்டார்கள். சன்னல் தாழ்ப்பாளுக்கு, முனையில் வளைந்த கொக்கியுடன் ஒரு கம்பைத் தச்சர் செய்து கொடுத்தார். தோளுக்கான பயிற்சிகளை அவர் தொடர்ந்து செய்தார். நான்காம் மாதம் கை தலைக்கு மேல் உயர்ந்தது. மகள் மட்டும் ஒரு குறை சொன்னாள்: அம்மாவுக்காக இட்ட பலகையின் மேல் தான் நின்றால் மேடை தாழ்ந்துவிடுகிறதாம். அவளுடைய உயரம் 162 செ.மீ. அவள் சமைக்கும் நாளில் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிடச் சொல்லியிருக்கிறோம்.

வீடு கட்டத் தொடங்குவோரும் சமையலறையைப் புதுப்பிப்போரும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்போரும் எங்கள் பிரிவுக்கு வரும்போது ஆறு அளவுகளைத் தாளில் எழுதி வாருங்கள்: சமைப்பவரின் உயரம், தரையிலிருந்து அவர் முழங்கை, மேடையின் உயரமும் ஆழமும், மேடையின் முன்விளிம்பிலிருந்து சன்னல் தாழ்ப்பாள் வரையிலான தொலைவு, மேல் அலமாரியின் அடிப்பலகை உயரம், நடைவழியின் அகலம். செல்பேசியில் ஒரு படமும் எடுத்து வந்தால் மிகவும் நல்லது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மட்டும், வீடு திரும்பிய பின் அல்லாமல், அனுமதிக்கப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே அவற்றைக் கொண்டுவர வேண்டும். தச்சருக்கும் நாள் வேண்டுமல்லவா.